புழுவில் கிடைத்த செல்வம் யாருக்கு?

அபிஷேகப்பாக்கத்தில் நமது பத்திரிகையைக் கூடி உட்கார்ந்து வாசிக்கும் விவசாயத் தொழிலாளர்கள் ஒரு கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். "புழுவை ஆராய்ந்தவர்களுக்கு நோபல் பரிசு கொடுத்தார்களாமே, அதனால் நடவு நடுகிறவளுக்கும் களை பறிக்கிறவளுக்கும் என்ன வரப் போகிறது?" என்பதே அது.

நியாயமான கேள்வி. "கூலிக்காரனுக்கு விஞ்ஞானம் எதற்கு?" என்று முகம் சுளிக்கும் கனவான்கள் உண்டு. அவர்களுக்கு நாம் பதில் சொல்லப் போவதில்லை. கேட்டவர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். நாள் முழுவதும் சேற்றில் நிற்கும் சரீரமும், தறியோடு தறியாக நிற்கும் சரீரமும் எப்படி இயங்குகின்றன, எப்படி நோயில் விழுகின்றன என்று தெரிந்துகொள்ள, அந்தச் சரீரத்தைத் தவிர வேறு சொத்தில்லாத நமக்குத்தான் மற்றவரைக் காட்டிலும் அவசியம் அதிகம்.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த ஆராய்ச்சி நமக்கு வேண்டும். ஆனால் இன்றைக்கே இதை மருந்தென்று சொல்லி விற்க வருகிறவனை நம்பக் கூடாது. நாளை இது உண்மையாகவே மருந்தாகும்போது கம்பெனியின் இரும்புப் பெட்டிக்குள் போய்விடாமலிருக்க, இன்றே நாம் குரல் கொடுக்க வேண்டும்.

ஒரு மில்லிமீட்டர் புழு

2024 அக்டோபர் 7 அன்று மருத்துவத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பரிசு பெற்றவர்கள் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள். அவர்கள் கண்டுபிடித்த பொருளின் பெயர் மைக்ரோ ஆர்.என்.ஏ.

அதை அவர்கள் கண்டது ஒரு சின்னஞ்சிறு புழுவின் உடம்பில். மண்ணிலும், அழுகிய தழையிலும் வாழும் புழு. நீளம் சுமார் 1 மில்லிமீட்டர். புழுவென்றால் நமக்கு நல்ல ஞாபகம் ஒன்றும் கிடையாது. வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவரின் பாதத்தைத் துளைத்து உள்ளே போய் ரத்தத்தைக் குடிப்பது கொக்கிப் புழு. புதுவைப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக ஜனங்களைப் படுத்திய யானைக்கால் வியாதியும் ஒரு புழுவினால் வருவதுதான். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட புழு அவற்றுக்குத் தூரத்துப் பங்காளி. ஆனால் யாருக்கும் தீங்கு செய்யாதது.

இதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? உடம்பு கண்ணாடி போலிருக்கும். உள்ளே நடப்பது பூதக்கண்ணாடியில் தெரியும். சில நாட்களிலேயே முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைந்துவிடும். வளர்ந்த புழுவின் சரீரத்தில் உள்ள உயிரணுக்கள் 959 தான். இனவிருத்தி அணுக்களை மட்டும் இதில் சேர்க்கவில்லை. சிட்னி பிரென்னர் என்ற விஞ்ஞானி 1960களில் இந்தப் புழுவை ஆராய்ச்சிக்குக் கொண்டுவந்தார். ஜான் சல்ஸ்டன் என்பவர் பூதக்கண்ணாடி முன் உட்கார்ந்து, ஒவ்வோர் அணுவும் எதிலிருந்து பிரிந்து எதுவாக ஆகிறது என்று கணக்கெடுத்தார். குடும்பத்துக்கு வம்சாவளி எழுதுவது போல அணுக்களுக்கு வம்சாவளி எழுதிய வேலை அது. இவரைப் பற்றிப் பின்னால் இன்னொரு முக்கியமான சேதி சொல்ல வேண்டியிருக்கிறது.

சீட்டும் குட்டிச் சீட்டும்

நெசவாலையை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா டிசைனும் அடங்கிய பெரிய புத்தகம் ஒன்று ஆபீஸில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அது வெளியே வராது. அன்றைக்கு நெய்ய வேண்டியதைச் சீட்டில் நகலெடுத்துத் தறி இலாகாவுக்கு அனுப்புகிறார்கள். சீட்டில் உள்ளபடி தறி நெய்கிறது.

நமது ஒவ்வோர் உயிரணுவிலும் இப்படித்தான் நடக்கிறது. டி.என்.ஏ. என்பது அந்தப் பெரிய புத்தகம். தூது ஆர்.என்.ஏ. என்பது சீட்டு. நெய்து வரும் துணிதான் புரதம். தசையும் தோலும் ரத்தத்தின் சிவப்பும் புரதத்தால் ஆனவை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கண்ணில் உள்ள அணுவுக்கும் கல்லீரலில் உள்ள அணுவுக்கும் புத்தகம் ஒன்றேதான். அப்படியிருக்க ஒன்று கண்ணாகவும் மற்றொன்று கல்லீரலாகவும் ஆவது எப்படி? எந்த இடத்தில், எந்த வேளையில், எந்தப் பக்கத்தை, எவ்வளவு நெய்வது என்ற கட்டுப்பாடு இருப்பதால்தான். அந்தக் கட்டுப்பாட்டில் ஒரு பகுதியைச் செய்வது மைக்ரோ ஆர்.என்.ஏ. இதைக் குட்டிச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். தறிக்குப் போகும் சீட்டு ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்டது. குட்டிச் சீட்டோ சுமார் 22 எழுத்துதான். இது தறிக்குப் போகிற சீட்டின் வால் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டால் தறி நெய்வது குறைகிறது, அல்லது அந்தச் சீட்டே கிழிபட்டுப் போகிறது.

பாகூர் ஏரிப் பாசனத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வேறு விதமாகவும் சொல்லலாம். மடையை எப்போதும் முழுக்கத் திறந்தும் வைப்பதில்லை, முழுக்க அடைத்தும் வைப்பதில்லை. பயிரின் பருவம் பார்த்துப் பலகையைக் கொஞ்சம் ஏற்றுகிறோம், கொஞ்சம் இறக்குகிறோம். குட்டிச் சீட்டு பெரும்பாலும் செய்வது அந்த வேலைதான். நாற்றுக்கு உரிய தண்ணீரை அறுவடைக்கு நிற்கும் பயிருக்குப் பாய்ச்சினால் என்ன ஆகும்? புழுவிலும் அதுவே ஆயிற்று. லின்-4 என்ற குட்டிச் சீட்டு இல்லாத புழு, குழந்தைப் பருவத்து வேலையையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தது. உடல் பெருத்தது, ஆனால் முட்டையிடும் வழி அமையவில்லை. பருவம் மாற வேண்டும் என்ற உத்தரவு அதற்குப் போய்ச் சேரவில்லை.

1993ல் இதை இரண்டு குழுக்களும் ஒரே சமயத்தில் வெளியிட்டன. உலகம் என்ன செய்தது? "இது ஏதோ புழுவின் விசித்திரம்; மனிதனுக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று ஒதுக்கி வைத்தது. ஏழு வருஷம் இப்படியே போயிற்று. 2000ல் ரவ்கன் குழு லெட்-7 என்ற இரண்டாவது குட்டிச் சீட்டைக் கண்டது. தேடிப் பார்த்தால் ஈயிலும் மீனிலும் கோழியிலும் மனிதனிலும் அது அப்படியே இருந்தது. மனித உடம்பில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிச் சீட்டுகள் உண்டென்று இன்று தெரிந்திருக்கிறது. அற்பம் என்று தள்ளிய ஜீவனிடமிருந்துதான் நம் எல்லோருடைய உடம்பின் ரகசியமும் வெளிவந்தது.

நெல்லிலும் நோயிலும்

பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்கிறோம். நெல்லுக்கும் இதில் பங்குண்டு. நெற்பயிர் எத்தனை தூர் கட்ட வேண்டும், கதிரில் எவ்வளவு கிளை விட வேண்டும் என்பதை முடிவு செய்யும் மரபணுக்களில் ஒன்றை மி.ஆர்-156 என்ற குட்டிச் சீட்டு அடக்கி வைக்கிறது. குட்டிச் சீட்டு ஒட்டும் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறிய நெல்லில் அந்தப் பிடி தளர்ந்து போகிறது. அந்தப் பயிரில் வெற்றுத் தூர் குறைகிறது, தண்டு தடிக்கிறது, கதிரில் மணி கூடுகிறது. 2010ல் சீனாவிலும் ஜப்பானிலும் விஞ்ஞானிகள் தனித்தனியே இதை வெளியிட்டார்கள். சீனாவில் இதைச் செய்தது அரசாங்க ஆராய்ச்சி நிலையம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி நோய்க்கு வருவோம். 2002ல் அமெரிக்காவில் காலின், குரோச்சே ஆகிய விஞ்ஞானிகள், முதியவர்களுக்கு வரும் ஒருவகை ரத்தப் புற்றில், இரண்டு குட்டிச் சீட்டுகள் பெரும்பாலான நோயாளிகளிடம் இல்லாமலோ குறைந்தோ இருப்பதைக் கண்டார்கள். புற்றுக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கும் உள்ள தொடர்பு முதலில் வெளிப்பட்டது அங்கேதான். புழுவில் கண்ட லெட்-7, மனிதனிடம் ராஸ் என்ற மரபணுவை அடக்கி வைக்கிறது. ராஸ் கட்டவிழ்ந்தால் அணுக்கள் வரம்பின்றிப் பெருகும். நுரையீரல் புற்றில் லெட்-7 குறைந்திருப்பதை ஜப்பானிய மருத்துவர்கள் 2004ல் எடுத்துக்காட்டினார்கள். 2009ல், மி.ஆர்-96ல் ஓர் எழுத்து மாறினால் காது படிப்படியாகச் செவிடாகும் என்பது சில குடும்பங்களில் தெரிய வந்தது.

நம்மூரில் நோய் வந்தால் "பூர்வ ஜன்மப் பாவம்", "தலையெழுத்து" என்கிறார்கள். பிள்ளை காது கேளாமல் போனால் தாயின் மேல் பழி போடுகிறார்கள். எழுத்து உண்டுதான். ஆனால் அது தலையில் பிரம்மா எழுதியதல்ல. அணுவுக்குள் இருப்பது, படிக்கக் கூடியது, பிழை எங்கே என்று தேடிக் காணக் கூடியது. இன்று படிக்க முடிந்ததை நாளை திருத்தவும் முடியலாம். இந்தத் தைரியமே இந்த ஆராய்ச்சி நமக்குத் தரும் முதல் லாபம்.

ஏமாற வேண்டாம்

இங்கே ஓர் எச்சரிக்கை. கண்டுபிடிப்பது வேறு, குணப்படுத்துவது வேறு. புற்றை அடக்கும் மி.ஆர்-34 என்ற குட்டிச் சீட்டைச் செயற்கையாகச் செய்து நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தாறுமாறாகக் கிளம்பி, சிலர் உயிரிழந்தார்கள். 2016ல் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. ஒரே குட்டிச் சீட்டு நூற்றுக்கணக்கான சீட்டுகளில் ஒட்டக் கூடியது. ஒரு மடையை இறக்கப் போய் ஊரிலுள்ள வாய்க்கால் எல்லாம் குழம்பிவிடும் அபாயம் அதில் உண்டு. ஆகவே இதில் அவசரம் கூடாது.

ஆனால் வியாபாரிக்கு அவசரம் உண்டு. மரபணுச் சோதனை என்ற பேரில் பட்டணத்து லாபரட்டரிகள் விளம்பரம் செய்வதைப் பார்க்கிறோம். "ஒரு சொட்டு ரத்தம் கொடு, எல்லா வியாதியும் சொல்கிறோம்" என்று இதன் பேரைச் சொல்லியும் வருவார்கள். ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. அழியாமல் இருக்கிறது, அதை அளக்க முடியும் என்பது 2008லேயே நிரூபிக்கப்பட்ட உண்மை. கல்லீரல் கெட்டால் மி.ஆர்-122 ரத்தத்தில் கூடுவதும் உண்மை. ஆயினும் ஆரோக்கியமாக இருக்கும் ஒருவரின் வருங்காலத்தை ஒரு சொட்டில் சொல்லலாம் என்பது உண்மையல்ல. தாலியை அடகு வைத்து அப்படிப்பட்ட சோதனைக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இன்னொன்று. பஞ்சுத் தூசி நெஞ்சை அடைத்து இருமும் ஆலைத் தொழிலாளிக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்தல்ல, தூசியை உறிஞ்சும் யந்திரமே மருந்து. பூச்சிமருந்து தெளிக்கும் கூலிக்குக் கையுறையும் முகமூடியும் மருந்து. கொக்கிப் புழுவுக்குச் செருப்பும் கக்கூசும் மருந்து. தெரிந்த தடுப்பைச் செய்யாத முதலாளியும் சர்க்காரும், தெரியாத மருந்து வரும் என்று நமக்கு ஆசை காட்டினால் ஒத்துக்கொள்ள முடியாது.

யாருடைய பணம், யாருடைய உழைப்பு?

இப்போது மூலப் பிரச்சினைக்கு வருகிறோம்.

ஆம்ப்ரோஸும் ரவ்கனும் ஆராய்ச்சி செய்தது அமெரிக்க ஜனங்களின் வரிப் பணத்தில். அந்நாட்டு அரசாங்கத்தின் சுகாதார ஆராய்ச்சி நிலையம் வருஷக்கணக்கில் பணம் கொடுத்தது. லாபத்துக்குக் கணக்குப் பார்க்கும் எந்த முதலாளி, ஒரு மில்லிமீட்டர் புழு ஏன் முட்டையிடவில்லை என்று பார்க்கப் பணம் போடுவான்? ஆம்ப்ரோஸ், போலந்திலிருந்து யுத்த அகதியாக வந்தவரின் மகன். சிறு பால் பண்ணையில் வளர்ந்தவர். லின்-4 ஆராய்ச்சிக் கட்டுரையில் முதல் பெயராக இருப்பது ரோசலிண்ட் லீ என்ற பெண்மணி. அவர் ஆம்ப்ரோஸின் மனைவி, ஆராய்ச்சிக் கூடத்தில் கூட நின்று வேலை செய்தவர். இரண்டாவது பெயர் ரோண்டா ஃபெயின்பாம். நோபல் பரிசை மூன்று பேர் வரை பங்கிடலாம் என்பது விதி. 2024ல் இரண்டு பேருக்கே கொடுத்தார்கள். நடவு நட்ட பெண்ணின் பெயர் விளைச்சல் கணக்கில் வராதது நமக்குப் புதிதல்ல.

சல்ஸ்டனைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றோமே, அது இதுதான். புழுவின் அணுக்களைக் கணக்கெடுத்த அதே மனிதர் பின்னாளில் மனிதனின் மரபுப் புத்தகத்தைப் படிக்கும் வேலையில் பிரிட்டிஷ் பகுதிக்குத் தலைமை தாங்கினார். ஒரு தனியார் கம்பெனி அதே புத்தகத்தைப் படித்துக் காசாக்க முனைந்தது. சல்ஸ்டனும் கூட்டாளிகளும் 1996ல் பெர்முடாவில் கூடி, படித்ததை 24 மணி நேரத்துக்குள் உலகம் முழுவதற்கும் இலவசமாக வெளியிடுவதென்று தீர்மானித்தார்கள். அப்படி வெளியிட்டதனால்தான் மனிதனின் மரபுப் புத்தகம் இன்று எந்தக் கம்பெனிக்கும் சொந்தமாகவில்லை. டில்லியிலுள்ள நமது அரசாங்க ஆராய்ச்சிக் கூடமும் அந்தப் பொதுச் செல்வத்தை வைத்தே, எய்ட்ஸ் கிருமியில் மனிதனின் குட்டிச் சீட்டுகள் ஒட்டக் கூடிய இடங்களை 2005ல் கணக்கிட்டுச் சொல்ல முடிந்தது.

பொதுவில் விட்டால் இப்படி. பூட்டினால் எப்படி? மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்குச் சகோதரனான இன்னொரு குட்டி ஆர்.என்.ஏ. உண்டு. சீட்டுகளை அடக்கும் இந்த முறையை 1998ல் ஃபயர், மெல்லோ என்ற இருவர் வெளியிட்டார்கள். அதுவும் இதே புழுவில்! அவர்களுக்கும் 2006ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியில் பிறந்த முதல் மருந்து, பரம்பரையாக வரும் ஒரு நரம்பு வியாதிக்கான பட்டிசிரான், 2018ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஒரு நோயாளிக்கு ஒரு வருஷத்துக்கு அறிவித்த விலை 4,50,000 டாலர். அன்றைய மாற்று விலையில் 3 கோடி ரூபாய்க்கு மேல்! மண்ணில் கிடைத்த புழு, ஜனங்களின் வரிப் பணம். விலையை வைப்பது மட்டும் கம்பெனி.

"அவர்கள் செலவு செய்கிறார்களே" என்பார்கள். மருந்தாக மாற்றச் செலவு உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் செலவுக்கும் விலைக்கும் எவ்வளவு தூரம் என்பதை நமது நாட்டிலேயே பார்த்தோம். சிறுநீரக, கல்லீரல் புற்றுக்கான நெக்சாவர் என்ற மருந்தை பேயர் கம்பெனி மாதம் 2,80,000 ரூபாய்க்கு மேல் விற்றது. 2012 மார்ச் 9 அன்று இந்தியப் பேடண்டு அதிகாரி கட்டாய லைசென்ஸ் வழங்கினார். நாட்கோ என்ற இந்தியக் கம்பெனி அதே மருந்தை 8,880 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாதென்று உத்தரவாயிற்று. இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் கட்டாய லைசென்ஸ் அது.

சட்டத்தில் இன்னும் ஆயுதங்கள் உண்டு. இயற்கையில் உள்ள பொருளைக் கண்டுபிடித்ததற்காக மட்டும் பேடண்டு தர முடியாது என்கிறது நமது 1970ம் வருஷப் பேடண்டுச் சட்டம். அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும், இயற்கை மரபணுவைப் பிரித்தெடுத்ததாலேயே அது சொந்தமாகிவிடாது என்று 2013 ஜூன் 13ல் தீர்ப்பளித்தது. ஆனால் கம்பெனிகளுக்குப் பின்வாசல் தெரியும். குட்டிச் சீட்டைச் சற்றே மாற்றி, கொழுப்புக் குமிழியில் அடைத்து, அதற்குப் பேடண்டு கேட்கிறார்கள். 2005ல் நமது சட்டத்தைத் திருத்தி மருந்துப் பொருளுக்கே பேடண்டு கொடுக்க ஆரம்பித்த பிறகு அந்த வாசல் அகலமாகிவிட்டது.

நாம் கேட்பது

புதுவை சிறிய இடந்தான். ஆனால் விஞ்ஞானத்தில் சிறியதல்ல. ஜிப்மர் ஆஸ்பத்திரி இங்கே இருக்கிறது. அதன் புற்றுநோய்ப் பிரிவுக்குக் கடலூர், விழுப்புரம் சீமையிலிருந்தும் ஏழைகள் வருகிறார்கள். கொசு முதலியவற்றை ஆராயும் மத்திய அரசின் நிலையம் 1975 முதல் இங்கே வேலை செய்கிறது. கொசுப் புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்தை அந்த நிலையம் தானே உருவாக்கிச் செய்முறையையும் வழங்கியிருக்கிறது. சோவியத் உதவியோடு 1961ல் அமைந்த ஐ.டி.பி.எல்., அதற்கு முன் 1954ல் பிம்பிரியில் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் ஆகிய பொதுத்துறை மருந்துத் தொழிற்சாலைகள் நம் நாடு எதைச் செய்ய முடியும் என்று காட்டின. பின்னால் அவற்றை நலிய விட்டவர்கள் ஆட்சியாளர்கள்தான், தொழிலாளர்கள் அல்ல.

ஆகவே நாம் கேட்பது இவை. மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆராய்ச்சிக்குப் பொது ஆராய்ச்சிக் கூடங்களில் பணம் ஒதுக்க வேண்டும். நம் ஜனங்களை வாட்டும் நோய்களையும் நம் நிலத்து நெல்லையும் முன்னே வைக்க வேண்டும். பொதுப் பணத்தில் கண்டதைப் பொதுவில் வெளியிட வேண்டும். ருசுவான சோதனை எதுவானாலும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். ருசுவாகாத சோதனையை விற்பதைத் தடுக்க வேண்டும். மருந்து வந்து, விலை எட்டாமற் போனால், 2012ல் பயன்படுத்திய சட்டப் பிரிவைத் தயங்காமல் மறுபடி பயன்படுத்த வேண்டும். மருந்து செய்யும் பொதுத்துறைத் தொழிற்சாலைகளுக்குப் புத்துயிர் கொடுக்க வேண்டும்.

இவை ஒரு நாளில் நடக்கிற காரியமல்ல. புழுவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் ஒரு நாளில் நடந்துவிடவில்லை. சங்கக் கிளைகளின் அடுத்த கூட்டத்தில் தோழர்கள் இதை உரக்கப் படித்து, விளங்காத இடத்தைக் குறித்துக்கொண்டு, நமக்கு எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் படிக்கும் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதி, கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, சுகாதார மந்திரிக்கும் நமது பார்லிமெண்டு உறுப்பினருக்கும் அனுப்புங்கள்.